முகத்தை மறவேன் என்னும் கூற்று

"பெயர் மறந்துபோகும், முகம் மறக்காது" என்று சொல்லாதார் நம்மில் அரியர். கலியாண வீட்டிலும், பட்டணத்துப் பேருந்து நிலையத்திலும், கோயில் திருவிழாக் கூட்டத்திலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆசிரியர்களோ இதனைச் சற்றுப் பெருமிதத்தோடே சொல்வர். ஆயிரக்கணக்கான மாணாக்கரைக் கண்டவர்கள் அல்லவா? இக்கூற்றினைச் சிறிது நிறுத்தி வைத்து, இது எந்த அளவுக்கு மெய், மெய்யென்று நம்மை நம்பச் செய்வது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கூற்றில் இரண்டு செய்திகள் ஒன்றாய்க் கட்டப்பட்டிருக்கின்றன. முகங்களை நினைவில் வைத்திருக்கும் ஆற்றல் ஒன்று. அவ்வாற்றல் தமக்கு எவ்வளவு உண்டு என்று தாமே செய்துகொள்ளும் மதிப்பீடு மற்றொன்று. முன்னதைப் பற்றி உளநூலார் நெடுங்காலமாக எழுதி வருகின்றனர். பின்னதைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் அண்மைக்காலத்தது. ஆற்றல் குறைந்திருப்பது ஒரு குறை. குறைந்திருப்பதை அறியாதிருப்பது வேறொரு குறை. இரண்டாவது குறையால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். அதனால் குற்றமற்ற ஒருவர் பத்தாண்டுக்கு மேல் சிறையில் கிடந்த வரலாறு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவரின் பெயரை மறந்தால், மறந்தோம் என்பது நமக்கு அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. ஆள் எதிரே நிற்கிறார், நாக்கு தடுமாறுகிறது, முகம் சிவக்கிறது. ஆனால் ஒருவரின் முகத்தை மறந்தால் என்ன நிகழ்கிறது? ஒன்றுமே நிகழ்வதில்லை. அவர் நம்மைக் கடந்து போய்விடுகிறார். சந்தைக் கூட்டத்தில் நூறு அயலாரோடு நூற்றோராவது அயலாராக அவரும் போகிறார். மறதி நடந்ததற்கு எந்த அடையாளமும் எஞ்சுவதில்லை. பெயர்க்கணக்கில் வரவும் செலவும் எழுதப்படுகின்றன. முகக்கணக்கிலோ வரவு மட்டுமே எழுதப்படுகிறது. செலவே எழுதாத கணக்கில் கையிருப்பு மிகுதியாகத்தான் தோன்றும்.

பழைய மாணவர் ஒருவர் எதிர்ப்பட்டு, "வணக்கம் ஐயா, என்னைத் தெரிகிறதா?" என்கிறார். ஆசிரியர் உற்று நோக்குகிறார், இன்ன தோட்டம், இன்ன ஆண்டு என்று நினைவு வருகிறது, இருவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அக்கேள்வியிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை. "இவன் உன் மாணவன், தேடு" என்று கேள்வி சொல்லிவிடுகிறது. கேளாமற்போன மாணவர் எத்தனை பேர் என்பதற்கு எந்த ஆசிரியரிடமும் ஏடு கிடையாது.

பெயரையும் முகத்தையும் ஒப்பிடுவதிலேயே இன்னொரு கோளாறு இருக்கிறது. ஆசிரியப் பயிற்சி பெற்றோர் இதனை எளிதில் உணர்வர். பெயரை நினைவுகூர்தல், கோடிட்ட இடத்தை நிரப்புக என்னும் வினாவைப் போன்றது. விடை உள்ளிருந்து வரவேண்டும். முகத்தை அறிந்துகொள்ளுதல், கொடுத்த விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்க என்னும் வினாவைப் போன்றது. விடை கண்முன் நிற்கிறது. இருவேறு வினாத்தாள்களில் பெற்ற மதிப்பெண்ணை ஒப்பிட்டு, இந்தப் பாடத்தில் வல்லவன், அந்தப் பாடத்தில் மந்தன் என்று எந்த ஆசிரியரும் முடிவு கட்டமாட்டார். முகத்தை உள்ளிருந்து வரவழைக்கச் சொல்லிப் பாருங்கள். நேற்று உங்களுக்குச் சில்லறை கொடுத்த கடைக்காரரின் மூக்கு எப்படிப்பட்டது என்று வரையச் சொன்னால் பென்சில் நகராது.

இவ்வளவு சொல்லியபின், முகநினைவைப் பழிப்பதே என் கருத்து என்று எவரும் கொள்ளலாகாது. சில முகங்கள் வியக்கத்தக்கவாறு நிலைத்திருக்கின்றன. அமெரிக்க உளநூலறிஞர் பாரிக் என்பாரும் அவருடைய துணைவரும் 1975ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உயர்நிலைப் பள்ளியை விட்டுச் சில வாரங்களே ஆனவர் முதல் ஏறத்தாழ ஐம்பதாண்டு ஆனவர் வரை 392 பேரை அழைத்து, பள்ளி ஆண்டு மலரிலிருந்து எடுத்த படங்களைக் காட்டினர். ஐந்து படங்களுக்குள் தம் வகுப்புத் தோழருடைய படம் எது என்று சுட்டவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரும் பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சுட்டினர். படத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லும் ஆற்றல் மட்டும் ஆண்டுதோறும் தேய்ந்தது.

இந்த ஆய்வைப் பலர் எடுத்துக்காட்டுவர். இதே பாரிக் 1984இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வை அவ்வளவாக யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. அதில் ஆராயப்பட்டோர் கல்லூரி ஆசிரியர்கள். ஒரு பருவம் மட்டும் தம் வகுப்பில் அமர்ந்திருந்த மாணவரின் முகத்தை அவர்கள் எவ்வளவு காலம் நினைவில் கொண்டிருக்கின்றனர் என்பதே கேள்வி. ஓராண்டுக்குள்ளேயே பெருஞ்சரிவு, எட்டாண்டு கடந்தபின் பெரும்பாலான மாணவரை அவர்களால் கண்டுகொள்ள இயலவில்லை. நான்காண்டு கூடவே படித்த தோழனின் முகமும், ஒரு பருவம் எதிரே அமர்ந்த மாணவனின் முகமும் ஒரே முறையில் மனத்தில் பதிவதில்லை என்பது இதனால் புலனாகும். நம்முடைய தோட்டப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரே குழந்தையை ஆறாண்டு காண்கிறார். தாயையும் தந்தையையும் காண்கிறார். லயத்திலும் கோயிலிலும் காண்கிறார். அவருடைய பெருமிதத்துக்குச் சிறிது நியாயம் உண்டு. பட்டணத்துப் பெரிய பள்ளி ஆசிரியர் அதே சொல்லைச் சொல்லும்போது அத்துணை நியாயம் இல்லை. பழைய நாளில் விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்த கிராணியும் கங்காணியும் இருட்டிலேயே இன்னார் என்று அறிந்தனர் என்றால், அவர்கள் அறிந்தது முகத்தை மட்டுமன்று. நடை, குரல், தலைத்துண்டு கட்டிய விதம், நிற்கும் இடம் யாவும் சேர்ந்தே அறிவித்தன.

பழகிய முகம், பழகாத முகம் என்னும் இவ்வேறுபாடே இப்பொருளின் உயிர்நிலை என்பது என் துணிபு. 2011இல் ஜென்கின்ஸ் என்பாரும் உடன் ஆய்வாளரும் பிரிட்டனில் செய்த ஒரு சோதனை மிக எளியது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் செய்து பார்க்கத்தக்கது. நாற்பது நிழற்படங்களைக் கலைத்துக் கொடுத்து, ஆள்வாரியாகப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையில் படங்களில் இருந்தோர் இருவரே. ஹாலந்து நாட்டில் புகழ்பெற்ற இரு பெண்கள். ஆளுக்கு இருபது படங்கள். அவர்களை அறியாத பிரிட்டானியருள் ஒருவர்கூட இரண்டு அடுக்காக வைக்கவில்லை. ஏழு, எட்டு என்று அடுக்கினோர் உண்டு. பதினாறு வரை போனவரும் உண்டு. அதே படங்களை ஹாலந்து மக்களிடம் கொடுத்தபோது பெரும்பாலோர் தயக்கமின்றி இரண்டே அடுக்காக வைத்தனர். இவர்களுக்கு இது சோதனையாகவே தோன்றியிராது.

இங்கே நினைவு என்பதே தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படங்கள் கண்முன் கிடக்கின்றன. அப்படியிருந்தும் அறியாத முகத்தில் ஒளி மாறினால், வயது மாறினால், சிரிப்பு மாறினால் ஆளே மாறிவிட்டதாகத் தோன்றுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேரும் குழப்பம் இதுவானால், ஒருமுறை கண்டு ஒருவாரம் சென்றபின் நினைவிலிருந்து சொல்லும்போது என்ன ஆகும்?

ஆயினும் நாம் அதனை எளிது என்றே எண்ணுகிறோம். ஏன்? 2015இல் ரிச்சி என்பாரும் குழுவினரும் இதற்கு விடை காண முயன்றனர். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளோர்க்கு இரு நாட்டுப் புகழாளரின் படங்களையும் இரண்டிரண்டாகக் காட்டி, இவர்களை அறியாதவர் இவ்விரு படமும் ஒருவருடையதா அல்லவா என்று சொல்வது எளிதா அரிதா என மதிப்பிடச் சொன்னார்கள். அவரவரும் தமக்குத் தெரிந்த முகங்கள் தெரியாதவர்க்கும் எளிதாகவே இருக்கும் என்று மதிப்பிட்டனர். பழக்கத்தால் வந்த எளிமையை முகத்தின் எளிமை என்று கருதிவிடுகிறோம். எழுத்தறிந்த பின் அந்த எழுத்தை அறியாதிருந்த நிலையை மனத்தில் கொணர இயலாது. முதலாம் வகுப்பு ஆசிரியருக்கு இது நாள்தோறும் வரும் இடர். குழந்தைக்கு 'ண'வும் 'ன'வும் ஏன் குழம்புகின்றன என்பது கற்றறிந்தவர்க்கு விளங்குவதில்லை.

கடவுச்சீட்டு அலுவலர் இத்தொழிலிலேயே பழகியவராயிற்றே என்று சொல்லலாம். சிட்னி நகரக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் பணிபுரிவோரை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு சோதித்தது. எதிரே நிற்கும் ஆளையும் கையிலுள்ள படத்தையும் ஒப்பிட்டபோது, வேறொருவர் படத்தைக் கொண்டுவந்தவரை நூற்றுக்குப் பதினான்கு முறை அவரே இவர் என்று ஏற்றுக்கொண்டார்கள். இருபதாண்டு வேலை செய்தவரும் புதிதாகச் சேர்ந்தவரும் ஒரே நிலையினர். தவறாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் திரும்பி வந்து, "என்னைத் தவறாக விட்டுவிட்டீர்கள்" என்று சொல்வதில்லை. பிழை திருத்தப்படாத பயிற்சியில் கையெழுத்துகூடச் சீர்ப்படாது. தேர்வு மண்டபத்தில் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்து "சரி, உட்கார்" என்று சொல்லும் நம் கண்காணிப்பாளர்களும் இதனை மனத்திற்கொள்ளுதல் நன்று.

இனி, தன் முகநினைவைத் தானே மதிப்பிடும் ஆற்றலை அறிஞர்கள் எவ்வாறு அளக்கின்றனர் என்று காண்போம். இங்கேதான் எனக்குச் சில மறுப்புகள் உண்டு.

அவர்கள் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து நிரப்பச் சொல்கின்றனர். 2015இல் வெளிவந்த இருபது வாசகங்கள் கொண்ட பட்டியல் ஒன்று இன்று பரவலாக வழங்குகிறது. முகங்களை அறிவதில் மற்றவரைவிட நான் குறைந்தவன் என்பது போன்ற வாசகங்களுக்கு ஐந்து படிகளில் உடன்பாடோ மறுப்போ தெரிவிக்க வேண்டும். பின்னர் உண்மையான சோதனை ஒன்று வைத்து இரண்டையும் ஒப்பிடுவர். கேம்பிரிட்ஜ் முகநினைவுச் சோதனை எனப்படும் அச்சோதனை 2006இல் அமைந்தது. ஆறு முகங்களைக் கற்றுக்கொண்டு, பின் மூன்று மூன்றாகக் காட்டப்படும் முகங்களுள் கற்ற முகத்தைச் சுட்டவேண்டும். ஒப்பீட்டின் முடிவு ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. தம்மைப் பற்றிய மதிப்பீடு ஓரளவு பொருந்துகிறது என்பார் சிலர். மிகக் குறைவாகவே பொருந்துகிறது என்பார் வேறு சிலர். நம் நாட்டில் செமினியிலுள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் கிளையைச் சேர்ந்த எஸ்துடியோ, வோங் ஆகிய இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இப்பூசலை ஒருவாறு தெளிவாக்குகிறது. முகநினைவில் மிக வல்லவரும் மிகக் குறைந்தவரும் தம் நிலையை ஓரளவு அறிந்திருக்கின்றனர். நடுவிலுள்ள பெருந்தொகையினரிடம் மதிப்பீட்டுக்கும் ஆற்றலுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அந்த நடுவிலுள்ளோர் யார்? நாம்தாம்.

என் மறுப்பு வினாவின் அமைப்பைப் பற்றியது. "மற்றவரைவிட" என்று கேட்கிறார்கள். மற்றவர் நினைவை யார் கண்டார்? கணக்குப் பாடத்தில் பக்கத்து மாணவனின் மதிப்பெண் பலகையில் எழுதப்படுகிறது. ஓட்டப் பந்தயத்தில் முன்னால் ஓடுபவன் முதுகு தெரிகிறது. முகநினைவில் அடுத்தவர் எத்தனை பேரைக் கண்டுகொள்ளாமல் விட்டார் என்பது அவருக்கே தெரியாது என்று மேலே கண்டோம். நமக்கு எப்படித் தெரியும்? திருத்திய விடைத்தாளை ஒருமுறையும் காணாத மாணவனிடம், "நீ வகுப்பில் எத்தனையாவது?" என்று கேட்டு, அவன் தவறாகச் சொன்னான் என்று கண்டுபிடிப்பது பெரிய கண்டுபிடிப்பன்று. ஆற்றல் குறைந்தோர் தம்மை உயர்த்தியும், மிக்கோர் தம்மைத் தாழ்த்தியும் மதிப்பிடுகின்றனர் என்று 2020இல் ஓர் ஆய்வு கூறியது. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாத யாவரும் தம்மை நடுவில் வைத்துக்கொள்வர். அதன் பயனாகவும் இந்த முடிவு கிடைக்கும். இதனை அகந்தை என்றும் அடக்கம் என்றும் விளக்கப் புகுவது எனக்கு உடன்பாடன்று.

மிகக் குறைந்தோர் மட்டும் எப்படித் தம்மை அறிந்தனர் எனில், வாழ்க்கை அவர்களை விடாமல் திருத்துகிறது. முகமறியாமை என்னும் நிலை சிலருக்கு மூளைக் காயத்தால் வருகிறது. சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. நூற்றுக்கு இருவர் அளவில் இருக்கலாம் என்பது பலரும் கூறும் மதிப்பீடு. மூளை மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் தமக்கு இக்குறை இருந்ததை 2010இல் வெளியிட்ட நூலில் விரித்து எழுதினார். கண்ணாடியில் தெரியும் தம் உருவத்தையே வேறொரு தாடிக்காரர் என்று எண்ணியதுண்டாம். இத்தகையோர்க்குச் செலவுக் கணக்கை மற்றவர்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்; அண்டை வீட்டாரின் சினம், உறவினரின் வருத்தம் என்பனவாக அது வந்து சேருகிறது. வகுப்பில் நண்பனைத் தெரியாதவன் போல் கடந்துபோகும் குழந்தையைச் செருக்குடையவன் என்று முடிவு செய்யுமுன் ஆசிரியர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

பொதுவாகத் தம் ஆற்றலை மதிப்பிடுவது ஒருபுறமிருக்க, குறிப்பிட்ட ஒரு முகத்தைக் கண்டவுடன், "இது எனக்கு நினைவிருக்கும், இது இராது" என்று முன்னறிந்து சொல்வது மற்றொன்று. முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டி இவ்வாறு சொல்லச் செய்து, பின்னர்ச் சோதிக்கும் முறை உண்டு. இதில் மனிதர் முற்றிலும் தோற்பதில்லை. தனித்தன்மையுள்ள முகம் நினைவில் நிற்கும் என்று எதிர்பார்க்கின்றனர். அது பெரும்பாலும் நிற்கவே செய்கிறது. 2013இல் அமெரிக்காவில் பல முகப்படங்களைக் கொண்டு நடந்த ஆய்வில், ஒருவர்க்கு நினைவில் நின்ற முகம் பெரும்பாலும் மற்றவர்க்கும் நின்றது என்று கண்டனர். ஆனால் அழகு நம்மை ஏமாற்றுகிறது. அழகிய முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அவை நினைவில் நிற்பது அரிது என்று 1981லேயே ஓர் ஆய்வு காட்டியது. திரைப்படக் கதாநாயகியர் பலர் ஒரே முகமாகத் தோன்றுகின்றனர் என்று முதியோர் குறைபட்டால், அதனை வெறும் முதுமையின் குற்றம் என்று தள்ளிவிட வேண்டா. எடுப்பான குறி எதுவுமில்லாத பொதுமுகமோ இன்னும் பொல்லாதது. ஒருமுறையும் காணாதிருந்தும், "எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே" என்று சொல்ல வைப்பது அதுவே.

நம் போன்ற பல்லின நாட்டில் வாழ்வோர்க்கு மிக வேண்டியது அடுத்த செய்தி. தம் இனத்தார் முகங்களைப் போல் பிற இனத்தார் முகங்களை மக்கள் நினைவில் கொள்வதில்லை என்பது பல ஆய்வுகளால் உறுதிப்பட்டது. 2012இல் ஹூரிஹான் முதலியோர் ஒருபடி மேலே சென்றனர். பிற இனத்தார் முகங்களுள் எவை நினைவிருக்கும், எவை இராது என்று முன்னறிந்து சொல்வதிலும் மக்கள் குறைவுடையவர் என்று கண்டனர். நினைவு குறைகிறது, எந்த இடத்தில் குறையும் என்ற அறிவும் கூடவே குறைகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தமிழ் முகங்களையே கண்டு வளர்ந்த குழந்தை, பட்டணத்து இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் சேர்ந்த முதல் மாதங்களில் மலாய்த் தோழரையும் சீனத் தோழரையும் மாற்றி மாற்றி அழைக்கிறது. அவர்களும் நம் பிள்ளைகளை அப்படியே அழைக்கின்றனர். இதில் அவமதிப்பு இல்லை. பழக்கம் போதாமையே உண்டு. விளையாட்டுத் திடல் இதனை விரைவில் ஓரளவு தீர்த்து வைக்கிறது. நீதிமன்றம் அப்படித் தீர்த்து வைப்பதில்லை.

நீதிமன்றத்துக்குப் போகுமுன் நம் பழங்கதைகள் இரண்டைச் சொல்ல விரும்புகிறேன். புலவர்கள் முகத்தை எவ்வளவு நம்பினர் என்பதை அவை காட்டும். நளன் கதையில் தேவர் நால்வர் நளனுடைய உருவத்தையே கொண்டு சுயம்வர மண்டபத்தில் அமர்கின்றனர். தமயந்தி முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. இமை அசைவதையும், கால் நிலத்தில் படிவதையும், மாலை வாடுவதையும் நோக்கித் தெளிகிறாள். பின்னர் உருமாறி வந்த நளனை அவள் ஆராய்வதும் சமையலையும் குழந்தைகளையும் கொண்டுதான். இராமகாதையில் இராமன் சீதையின் உருவத்தை அனுமனுக்குப் பாடல் பாடலாக எடுத்துரைக்கிறான். ஆயினும் கையில் மோதிரத்தையும் கொடுத்தே அனுப்புகிறான். இலங்கையில் அனுமன் மண்டோதரியைக் கண்டு, இவள்தான் சீதையோ என்று ஒரு கணம் மயங்கிப் பின் தெளிகிறான். காதலனின் வாய்மொழி வருணனையைக் கொண்டு காணாத முகத்தைத் தேடுவது எத்தகைய வேலை என்பதைப் புலவர் அறிந்திருந்தனர். சாட்சி சொன்ன அங்க அடையாளத்தைக் கொண்டு ஆளைத் தேடும் காவலர்க்கும் அதே வேலைதான்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துப் பர்லிங்டன் நகரில் 1984ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜெனிபர் தாம்சன் என்னும் இருபத்திரண்டு வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டில் இரவில் ஒருவன் புகுந்து அவரைக் கற்பழித்தான். அந்தக் கொடுமையின் நடுவிலும் அவர் ஒன்றை உறுதி செய்துகொண்டார்: இவன் முகத்தை மனத்தில் பதித்துக்கொள்வேன், உயிர் பிழைத்தால் இவனைச் சிறைக்கு அனுப்புவேன். முகத்தைப் பகுதி பகுதியாக நோக்கினார். இத்துணைக் கருத்தூன்றி ஒரு முகத்தைக் கற்ற சாட்சி அரிது. காவலர் காட்டிய படங்களுள் சில நிமிடம் ஆராய்ந்து ரொனால்டு காட்டன் என்பவரைத் தெரிந்தெடுத்தார். பின் அணிவகுப்பிலும் அவரையே சுட்டினார். 1985இல் காட்டன் சிறை சென்றார். 1987இல் மறுவிசாரணை நடந்தபோது, பாபி பூல் என்னும் மற்றொரு கைதி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டான். அவனை ஒருபோதும் கண்டதில்லை என்று அவர் சொன்னார். 1995இல் மரபணுச் சோதனை உண்மையை வெளியாக்கியது: குற்றவாளி பூல், காட்டன் குற்றமற்றவர். பத்தரை ஆண்டு கழிந்திருந்தது. அப்பெண்மணி வெள்ளையர், காட்டனும் பூலும் கறுப்பர்.

அவ்விருவரும் சேர்ந்து எரின் டார்னியோ என்பாருடன் 2009இல் ஒரு நூல் எழுதினர். சாட்சியும் சிறையிருந்தவரும் தத்தம் பகுதியைத் தாமே சொல்லும் அந்நூல் படிக்கத்தக்கது. மன்னிப்பைப் பற்றிய நூலாகவே பலர் அதனைப் போற்றுகின்றனர். எனக்கோ அதன் மதிப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. உறுதி என்பது எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்பதை அதில் காணலாம். படங்களைப் பார்த்தபோது தயக்கம் இருந்தது. தெரிந்தெடுத்தபின், நன்றாகச் செய்தீர்கள் என்ற பொருள்பட ஒரு சொல் கிடைத்தது. அணிவகுப்பிலும் இருவரிடையே தயக்கம். சுட்டியபின், படத்தில் தெரிந்தெடுத்தவரும் இவரே என்ற செய்தி கிடைத்தது. நீதிமன்றத்துக்கு வரும்போது தயக்கம் மறைந்து உறுதி மட்டுமே நின்றது. அவர் பொய் சொல்லவில்லை. இரவில் கண்ட முகத்தின் மேல் காட்டனின் முகம் வந்து அமர்ந்துவிட்டது. அதுவே பழகிய முகம் ஆகிவிட்டது. பழகிய முகத்தைப் பற்றிய உறுதியை, ஒருமுறை கண்ட முகத்தைப் பற்றிய உறுதியாக அவர் உணர்ந்தார்.

இது ஒருவர்க்கு நேர்ந்த விபத்தன்று. 1998இல் வெல்ஸ், பிராட்பீல்டு ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிகழ்ச்சியின் படத்தைப் பார்த்தோர் குற்றவாளி இல்லாத படவரிசையிலிருந்து ஒருவரைத் தெரிந்தெடுத்தனர். ஆதலின் எல்லாரும் எடுத்தது தவறே. சிலரிடம் மட்டும், "நன்று, சந்தேகத்துக்குரியவரைக் கண்டுபிடித்தீர்கள்" என்று சொல்லப்பட்டது. அவர்கள் தாம் மிக உறுதியாக இருந்ததாகவும், முகத்தை நன்றாகக் கண்டதாகவும், கூர்ந்து நோக்கியதாகவும் பின்னர்க் கூறினர். ஒரு சொல் கடந்த காலத்தையே திருத்தி எழுதிவிட்டது. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் விடுதலை பெற்ற முதல் 250 பேரின் வழக்குகளை ஆராய்ந்த சட்ட அறிஞர் காரெட், 190 வழக்குகளில் கண்ணாரக் கண்டோர் தவறாக அடையாளம் காட்டியிருந்தனர் என்று 2011இல் எழுதினார்.

ஆகவே சாட்சியின் உறுதிக்கு மதிப்பே இல்லை என்று சொல்வோர் உண்டு. அதுவும் மிகை. விக்ஸ்டெடும் வெல்ஸும் 2017இல் பழைய ஆய்வுகளைத் திரட்டி நோக்கி, அணிவகுப்பு நேர்மையான முறையில் நடந்து, முதன்முறை சுட்டிய அந்த வேளையிலேயே உறுதியைக் கேட்டுப் பதிவு செய்தால், மிக்க உறுதியோடு சுட்டியவர் பெரும்பாலும் சரியாகவே சுட்டுகின்றனர் என்று காட்டினர். நாள் செல்லச் செல்லச் சேரும் உறுதியே ஐயத்துக்குரியது.

இங்கிலாந்தில் அடால்ப் பெக் என்பவரைப் பல பெண்கள் 1896இல் தவறாக அடையாளம் காட்டினர். 1877இல் தண்டனை பெற்ற மற்றொருவனே இவர் என்று, பதினெட்டு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் ஒரு காவலரும் ஆணையிட்டுச் சொன்னார். 1904இல்தான் உண்மை வெளிப்பட்டது. அந்நாட்டு நீதிமன்றம் டர்ன்புல் வழக்கில் 1976இல் வகுத்த வழிகாட்டலை மலேசிய, சிங்கப்பூர் நீதிமன்றங்களும் எடுத்தாண்டுள்ளன. எவ்வளவு நேரம் கண்டார், எவ்வளவு தொலைவு, வெளிச்சம் எப்படி, மறைப்பு ஏதேனும் உண்டா, முன்பே அறிந்தவரா, இடையில் எத்தனை நாள், முதலில் சொன்ன அடையாளத்துக்கும் ஆளுக்கும் வேறுபாடு உண்டா என்றெல்லாம் அது கேட்கச் சொல்கிறது. நேர்மையான சாட்சியும் பிழைபடலாம் என்றும் எச்சரிக்கிறது. இவ்வினாக்கள் யாவும் கண்ட வேளையையும் அடையாளம் காட்டிய வேளையையும் பற்றியவை. அடையாளம் காட்டியபின் அவரிடம் யார் என்ன சொன்னார், முதன்முறை கேட்டபோது எந்தச் சொற்களால் விடை கூறினார் என்னும் இரண்டும் அப்பட்டியலில் இல்லை. தோட்டத்துச் சாலையில் சங்கிலி பறித்தவனைக் கண்ட ஒரு மாணவியைக் காவலர் விசாரிக்கப் பள்ளிக்கு வரும் நாளில், உடன் அமரும் ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அவள் படத்தைச் சுட்டும்போது சொன்ன சொல்லை, "இவன் மாதிரி இருக்கு ஐயா" என்றாளோ "இவன்தான்" என்றாளோ, அப்படியே மணியோடு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல். அதை எழுதி முடிக்கும்வரை யாரும் அவளை "கெட்டிக்காரி" என்று தட்டிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுதல்.